பார்க்கிற தூண் மட்டும்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரைத் தெருவில் எல்லோரும் அறுபது என்றுதான் சொல்வோம். வயது நாற்பத்திரண்டு. தலை நிறைய முடி, முகத்தில் சோடாப்புட்டிக் கண்ணாடி. "அறுபது எங்க?" என்று யாராவது கேட்பது காதில் விழுந்து, அதை வீட்டு எண் என்று நினைத்து அடுத்த தெருவரை போய்த் திரும்பிய புதியவர்கள் உண்டு. பெயர் வந்த கதை பெரிய ரகசியமில்லை. எந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் கடைசியில் அந்த மனிதர் சொல்வது அதைத்தான்: "அறுபதுல நிக்குது. எடுத்துட்டுப் போங்க."

நான் இரண்டாம் மாடி. எட்டிப் பார்க்கிறவள் என்று எனக்கொரு பெயர் இருக்கிறது. அநியாயம். மாடிப்படியை அப்படிக் கட்டிவைத்திருக்கிறார்கள். கடைசி வளைவில் இறங்கும்போது அவருடைய மேசையும், அதன்மேல் மூன்று மானிட்டரும், அவற்றின் எதிரே அவர் முதுகும் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் இறங்க வேண்டும். விழுந்து இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது? ஆகவே பார்ப்பேன். பார்த்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் பார்த்து என்ன பிரயோஜனம்?

பதினோரு வருஷம் பார்த்ததில் அந்தத் தொழிலில் பாதி எனக்கே வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன். மானிட்டர் ஒரு விநாடிக்கு அறுபது தடவை படம் மாற்றும். அதற்குமேல் அதனால் ஆகாது. உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டுக்கோ அவசரப் புத்தி. விநாடிக்கு இருநூறு படம்கூட வரைந்து தள்ளும். 'போதும், மானிட்டர் கூப்பிடும்வரை அங்கேயே நில்' என்று அதைப் பிடித்து நிறுத்துகிற கட்டுப்பாட்டுக்கு விசிங்க் என்று பெயர். சமைத்து முடித்துவிட்டு, சாப்பிடுகிற துரை வரும்வரை கரண்டியோடு நிற்கிற என் நிலைமைதான்.

கார்டின் உண்மையான பலம் தெரிய வேண்டுமானால் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். அறுபது செய்கிற முதல் வேலை அதுதான். விசிங்கை அணைத்துவிட்டு ஒரு சோதனைப் படத்தை ஓடவிடுவார். வரிசை வரிசையாகத் தூண்கள் நிற்கிற பெரிய மண்டபம்; அதற்குள் யாரோ தலைதெறிக்க ஓடுகிற மாதிரி படம் சுழலும். மூலையில் ஓர் எண். அது அறுபதைத் தாண்டி நூற்றைம்பது, இருநூற்றுப் பதினாலு என்று எகிறும். கூடவே படம் கிழியும். மானிட்டர் ஒரு படத்தைக் காட்டி முடிப்பதற்குள் கார்டு அடுத்ததைத் திணிப்பதால், தூணின் மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்ப்பாதி ஒரு விரல் தள்ளியும் நிற்கும், முள்ளங்கியை நறுக்கி நகர்த்திவைத்த மாதிரி.

"கிழியட்டும். இப்பக் கிழிஞ்சாத்தான் கார்டுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம்" என்பார். எண்ணைக் குறித்துக்கொண்டு விசிங்கைத் திரும்பப் போடுவார். எண் அறுபதுக்கு இறங்கி அசையாமல் நிற்கும். தூண்கள் ஒட்டிக்கொள்ளும். அப்போது இடது கண்ணை இறுக்க மூடி, பலகை கோணலா என்று தச்சர் பார்ப்பதுபோல வலது கண்ணால் ஒரு தூணைக் குறிபார்ப்பார். பிறகுதான் அந்தச் சொல் வரும்.

இரண்டு தெரு தள்ளி ஓர் அலுவலகம். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறார்கள். அதன் முதலாளி வரைபடக்காரர், எட்டுப் பெட்டி வேண்டும் என்று வந்து நின்றார். அறுபது அதுவரை ஒரே ஆளுக்கு இரண்டுக்குமேல் செய்ததில்லை. அன்று மாலை அவர் மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும், விஷயத்தைச் சொல்லாமல் அவளை நாற்காலியில் உட்காரவைத்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். படியில் நின்றிருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாதிதான் திருப்பினேன்.

முதல் பெட்டி தயாரானது. விசிங்கை அணைத்தார்; எண் நூற்றுத் தொண்ணூறு. கிழிந்தது. விசிங்கைப் போட்டார், எண் அறுபது. இடது கண்ணை மூடினார். குறிபார்த்தார். அப்படியே இருந்தார்.

"இன்னும் கிழியுதே" என்றார்.

கேபிளை மாற்றினார். மானிட்டரை மாற்றினார். இரண்டாவது பெட்டியிலும் அதே கதை, மூன்றாவதிலும் அதே கதை. நாலாம் நாள் நான் காய்கறிப் பையோடு இறங்கும்போது பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இந்தக் கார்டுக்கு என்ன திமிர் பாருங்க! நான் எந்தத் தூணப் பாக்கறனோ அந்தத் தூண் மட்டும்தான் கிழியுது. பாக்காத தூணெல்லாம் யோக்கியமா நிக்குது."

"ஆள் பாத்து வேல செய்யுதோ என்னவோ. என் வீட்டுக்காரர் மாதிரி."

சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கே அந்தப் பேச்சை மூன்று வீட்டில் சொல்லிச் சிரிக்கவும் வைத்தேன். எந்தத் தூணைப் பார்க்கிறாரோ அந்தத் தூண் மட்டும். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எங்களில் ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

அதற்குள் வேறு சில காட்சிகள் என் கண்ணில் படத் தொடங்கின. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். டீ கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்தது. திருப்புளியைத் திருகாணியில் வைக்கப் போய் மூன்று தடவை தவறவிட்டார். பதினோரு வருஷமாக ஏறி இறங்குகிற கடை வாசற்படியில் கால் தடுக்கி, நிலையில் தோளை இடித்துக்கொண்டார். பகல் பதினொரு மணிக்கு.

இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது?

நான் முடிவு கட்டினேன் என்று சொல்வது தப்பு. சந்தேகப்பட்டேன். முதல் மாடிக்காரியிடம் சந்தேகமாகத்தான் சொன்னேன். "பாவம், ஆர்டர் பெருசா வந்துடுச்சுல்ல, கொஞ்சம் ஊத்திக்கிறாரோ என்னவோ." அந்த 'என்னவோ' முதல் மாடியிலேயே தங்கிவிட்டது. மற்றது மட்டும் படியிறங்கி, பேக்கரி வழியாக, சலூன் வழியாக, இரண்டு தெரு தாண்டிப் போயிற்று. வதந்திக்குக் கால் இல்லை என்கிறார்கள்; இருக்கிறது, படி தடுக்காத கால்.

அவர் மனைவிக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. அவள் வாய் குறைவு. ஆனால் டாக்டர்கள் சீட்டில் கிறுக்குவதைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கண். அந்த வாரக் கடைசியில் கடைக்குள் சத்தம் கேட்டது. குப்பை கொட்டிவிட்டு ஏறிக்கொண்டிருந்தவள், காலி வாளியோடு வளைவில் நின்றேன்.

"எனக்குக் கிழியலைங்க. நேராத்தான் நிக்குது."

"உனக்கு மாத்திரதான் தெரியும். படம் எங்க தெரியும்?"

"பதிமூணு வருஷமா சோறு போடும்போதும் இதத்தான பேசறீங்க. கிழிஞ்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ நான் பொய் சொல்றனா?"

"பொய்னு யாரு சொன்னா? நேரா நிக்குதுன்னேன்."

அவர் திரும்பினார், என்னைப் பார்த்துவிட்டார். "அக்கா வந்துட்டாங்க! அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி. வாங்கக்கா, நீங்களே பாத்துச் சொல்லுங்க, கிழியுதா இல்லையா?"

வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மண்டபம் சுழன்றுகொண்டிருந்தது. என் கண்ணாடி மேலே வீட்டில் மாவு டப்பாமேல் இருந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்குத் தூண் எது, தூணின் நிழல் எது என்றே தெரியாது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினோரு வருஷம் 'பாதித் தொழில் எனக்கு வரும்' என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் எப்படிச் சொல்வாள்? அதுவுமில்லாமல் அந்த ஆளைப் பற்றித் தெருவெல்லாம் பரப்பிவிட்டு வந்து நிற்கிறேன்; இந்த ஒன்றிலாவது அவர் பக்கம் பேசுவோமே என்று மனதுக்குள் ஒரு தாராளம்.

"ஆமா... லேசா..." என்றேன்.

"பாத்தியா!" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்த்தாள். "எந்தத் தூண்க்கா?"

"அதோ. நடுவுல."

"அதேதான்! நானும் அதத்தான் பாத்துட்டிருந்தேன்!" அவர் மேசையைத் தட்டியதில் ஆணிகள் இருந்த கிண்ணம் எகிறியது. அவள் குனிந்து, சிதறிய ஆணிகளைப் பொறுக்கினாள். வாளியை எடுத்துக்கொண்டு நான் மேலே போனேன். நல்லது செய்த களைப்பு.

அதன் பிறகு மூன்று வாரம் அந்தக் கடையில் நடந்ததை என் ஒரு சொல்தான் நடத்தியது என்று சொன்னால் நான் பெருமை பேசுவதாகிவிடும். ஆனால் தொலைபேசியில் கார்டு விற்பவரிடம் அவர் கத்துவது என் சமையலறைக்கே கேட்கும்: "நான் மட்டும் சொல்லலைங்க, வெளியாள் வந்து பாத்து, அதே தூணக் காட்டினாங்க!" அந்த வெளியாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டுக் கார்டையும் திருப்பி அனுப்பினார். பழுதொன்றுமில்லை என்று சீட்டு ஒட்டி எட்டும் திரும்பி வந்தன. வேறு கம்பெனிக் கார்டு வாங்கினார். அதுவும் கிழிந்தது. எண் அறுபதில் நிற்கிறதே என்றால், "எண்ணு பொய் சொல்லுது. உள்ள சிங்க் ஆகல" என்றார். தன் கண்ணைத் தவிர அந்த மேசைமேல் இருந்த ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டார். அந்தக் கண்ணை வைத்துத்தானே கடையே நடக்கிறது; அதை எப்படிச் சந்தேகப்படுவார்?

முகம் சுருங்கிவிட்டது. சவரம் செய்த கன்னத்தில் ஒரு பக்கம் பட்டையாக மயிர் விட்டுப்போயிருந்தது. அதையும் நான் குடிக் கணக்கிலேயே எழுதினேன்.

நாலாவது வாரம், ஒரு மத்தியானம், வரைபடக்காரர் நேரே வந்துவிட்டார். அவர் மனைவி சாப்பிட வந்திருந்தாள். நான் படியில் இருந்தேன். எதற்காக இருந்தேன் என்பது இப்போது நினைவில்லை.

"சார், நாங்க விளையாடப் போறதில்ல. கோடுதான் போடப் போறோம். கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகட்டும், குடுங்க."

"கோடு போடறவங்களுக்குத்தான் சார் கோடு நேரா இருக்கணும். என் கையால இத எப்படிக் குடுப்பேன்? நீங்களே பாருங்க." விசிங்கைப் போட்டு ஓடவிட்டார். இடது கண்ணை மூடிக்கொண்டு விரலால் காட்டினார். "இதோ, இதோ. மேல ஒரு பக்கம், கீழ ஒரு பக்கம். நடுவுல கிள்ளி இழுத்த மாதிரி."

வரைபடக்காரர் குனிந்து பார்த்தார். கோட்டிலேயே வாழ்கிற மனிதர். நிமிர்ந்தார்.

"நேராத்தான் சார் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார், தாழ்த்தினால் கேட்காது என்று நினைப்பு. "சாயங்காலம் என்ன வேணாலும் பண்ணுங்க, அது உங்க சொந்த விஷயம். வேல நேரத்துல வேண்டாமே. தெருவுல பேசிக்கிறது உண்மைதான் போல."

"என்ன பேசிக்கிறாங்க?" என்றாள் அவள்.

வரைபடக்காரர் சங்கடப்பட்டார். "குடிக்கிறார்னு... மேல் மாடியில ஒரு அம்மா..." என்று சொல்லிக்கொண்டே கண்ணை உயர்த்தியவர், படி வளைவில் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் கைப்பிடிச் சுவரைத் துடைத்தேன். முந்தானையால்.

அவள் என்னை ஒரு கணம்தான் பார்த்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவளோ எழுந்து மேசைக்குப் போனாள். "குடிச்சவனுக்கு எல்லாம் ரெண்டாத் தெரியும் சார். பாக்கற தூண் மட்டும் கிழியாது" என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, படத்த நிறுத்துங்க."

"எதுக்கு?"

"நின்ன படம் கிழியுமா?"

"நின்ன படம் எப்படிக் கிழியும்? ஓடினாத்தான் கிழியும். இதுகூடத் தெரியாம..."

"நிறுத்துங்க."

கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினார். மண்டபம் நின்றது. அத்தனை தூணும் அப்படியப்படியே.

"இப்பப் பாருங்க."

குனிந்தார். இடது கண்ணை மூடினார். அந்தக் கடையில் விசிறி ஓடுகிற சத்தம் எனக்கு முதல் தடவையாகக் கேட்டது.

"சொல்லுங்க" என்றாள்.

"கிழிஞ்சிருக்கு" என்றார்.

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டார். அதைக் கேட்டபோது அவர் முகம் மாறியதை நான் படியிலிருந்து பார்த்தேன். அந்தத் தெருவில் வேறு யாராக இருந்தாலும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இடது கண்ணைத் திறந்து வலது கண்ணை மூடினார். பிறகு மாற்றி மூடினார். மறுபடி மாற்றினார். நிமிர்ந்து கடை வாசல் நிலையைப் பார்த்தார், அதேபோல ஒரு கண், மறு கண். அதற்குள் நான் இறங்கி நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தேன். என்னையும் அப்படிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"கார்டு நல்ல கார்டு சார்" என்றார் வரைபடக்காரரிடம். "எட்டும் நல்ல கார்டு. எடுத்துட்டுப் போங்க."

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கூப்பிடவில்லை; ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பச்சை நாற்காலிகள், மருந்து ஊற்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற வரிசை, ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பேர் எழுந்திருக்கிற குழப்பம். டாக்டரம்மா கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டினார். வலது கண்ணுக்கு நடுக்கட்டங்கள் கிள்ளி இழுத்த மாதிரி இருக்கின்றன என்றார் அறுபது. பிறகு ஒரு கருவியில் தாடையை வைத்துக் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள்.

"விழித்திரை நடுவுல ஓட்ட விழுந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "பவர் அதிகமா உள்ள கண்ணுல வரலாம். ஒரு கண்ணுல இருந்தா இன்னொரு கண்ணு சமாளிச்சிரும், நிறையப் பேரு கவனிக்கவே மாட்டாங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"திரை கிழிஞ்சுது டாக்டர்" என்றார் அவர். "வேற திரைன்னு நெனச்சுட்டேன்."

அதோடு விட்டாரா? டாக்டருக்கே விசிங்க் பாடம் எடுத்தார். எதற்காக அணைக்கிறோம், அணைத்தால் ஏன் கிழியும், போட்டால் ஏன் கிழியக் கூடாது. வெளியே வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு மாசத்துக்கு மேல" என்றாள் அவர் மனைவி.

"முதல் வாரமே வந்திருந்தா ஓட்ட சின்னதா இருந்திருக்கும். இப்ப ஆபரேஷன் பண்ணா மூடும்னு நம்பறேன். பார்வ எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. வீட்ல யாருமே ஏதாவது வித்தியாசமா இருக்குன்னு சொல்லலையா?"

நான் சுவரில் இருந்த கண் படத்தைப் படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது.

ஆபரேஷன் ஆயிற்று. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழை வைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழ் ஓட்டையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமாம். அதற்கு அவர் ஒரு வாரம் குப்புறவே இருக்க வேண்டும். தின்பது, பேசுவது, தூங்குவது எல்லாம் தரையைப் பார்த்து. கடைக்குப் பின்னால் அவர்கள் இருக்கிற அறையில் கட்டிலின் ஓரத்தில் இரண்டு தலையணைக்கு நடுவே முகத்தைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது அவருடைய பின்மண்டைதான் என்னை வரவேற்றது.

"வாங்கக்கா. குதிகால் இப்படி வெடிச்சிருக்கே, ஏதாவது தடவக் கூடாதா?"

"கால வெச்சே கண்டுபிடிச்சிட்டியா?"

"மூணு நாளா வேற எதப் பாக்கறேன்? இந்தத் தெருக்காரங்க காலு மொத்தமும் எனக்கு அத்துப்படி."

உட்கார்ந்தேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பின்மண்டைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் அன்று போனேன்.

"தம்பி, அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணாடிகூடப் போடல. சும்மா தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"நடுத்தூணுன்னு சொன்னீங்களே" என்றது தரை.

"வாய்ல வந்தது."

"ஓ." காதுகள் மட்டும் சிவந்தன. "நடுத்தூணத்தான் நானும் பாத்தேன். அதனால... சரி. அத விடுங்கக்கா. நீங்க தெரியலைன்னு சொல்லியிருந்தா மட்டும்? உங்க கண்ணுக்கு என்ன தெரியும்னு அனுப்பியிருப்பேன்."

எனக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது. அது முழுக்க இறங்குவதற்குள், உறிஞ்சுகுழல் போட்ட டம்ளரோடு அவள் வந்தாள்.

"அனுப்பியிருப்பீங்க" என்றாள், டம்ளரைத் தரையில் அவர் வாய்க்கு நேரே வைத்தபடி. "மறுநாள் யோசிச்சிருப்பீங்க. நான் ஒருத்தி மட்டும் கிழியலைன்னு சொன்னா அது பொண்டாட்டி பேச்சு. ரெண்டு பேரு சொன்னா அது வேற."

அவர் குழலைத் தேடினார். உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் கிடைக்கவில்லை. அவள் பிடித்து வாயில் வைத்தாள். பிறகு என்னிடம், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"குடிக்கிறார்னு சொன்னதையாவது போய் மாத்திச் சொல்லுங்கக்கா. அதுக்குக் கண்ணாடி வேண்டியதில்ல."

போனேன். முதலில் முதல் மாடி. "அவரு குடிக்கலடி, கண்ணுலதான் கோளாறு, விழித்திரையில ஓட்டயாம், ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"அப்படியா!" என்று கன்னத்தில் கை வைத்தாள் அவள். "குடிச்சுக் குடிச்சுக் கண்ணுலயே ஓட்ட விழுந்துடுச்சா?"

"குடியே இல்லங்கறேன்!"

"நீங்கதானக்கா சொன்னீங்க?"

"நான் தப்பாச் சொன்னேன்."

"உங்க நல்ல மனசு, மறைக்கிறீங்க. பாவம், அந்தப் பொண்ணு."

பேக்கரிக்கு நான் போய்ச் சேருவதற்குள் கண்ணில் ஓட்டை விழுந்த கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சலூன்காரர் எனக்கே விளக்கினார், எந்தச் சரக்கு கண்ணைப் பிடிக்கும் என்று. பதினோரு வருஷத்தில் என் பேச்சை யாரும் நம்பாமல் போனது அந்த ஒரு வாரம்தான்.

இரண்டு மாதம் கழித்து ஓட்டை மூடிவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். வலது கண்ணில் வெளிச்சமும் நிறமும் வந்திருக்கின்றன. எழுத்து கொஞ்சம் வருகிறது. ஆனால் நடுவிலே அந்தக் கிள்ளல் போகவில்லை. கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகாது என்றாராம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கதவு மூடியிருந்தது, நான் படியில் இருந்தேன்.

நேற்றுக் காலை கடை திறந்திருந்தது. ஒரே ஒரு பெட்டி, யாரோ பழையதைச் சோதிக்கக் கொடுத்திருந்தார்கள். அவர் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்; மருந்துக்கடைக்குப் பத்து மணிக்குத்தான் போக வேண்டும். அவர் பின்னால் நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார்.

"அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சு. நூத்து எழுபது."

"கிழியுதா?"

"கிழியுது. மூணு எடத்துல."

"எங்கெங்க?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவர் குனிந்து, இந்தத் தடவை வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தலையாட்டினார். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பழக்கமில்லை. தலை தானாக மறு பக்கம் சாய்ந்தது, அவரே அதைப் பிடித்து நேராக்கினார்.

"போடு."

"போட்டாச்சு."

"இப்ப?"

"கிழியல."

"நல்லாப் பாரு. நடுவுல?"

"கிழியலைங்க."

இன்னும் குனிந்தார். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார். என்ன தெரிந்ததோ, நாற்காலியை அவளோடு சேர்த்து மேசைக்கு இன்னும் நெருக்கித் தள்ளினார். மூன்றாவது தடவை கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்டார். அவள் மூன்றாவது தடவையும் அதே குரலில் சொன்னாள்.

என் கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது. வளைவிலிருந்து எனக்கு அந்த மண்டபம் பளிச்சென்று தெரிந்தது, ஒவ்வொரு தூணும் மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி. சொல்லலாமே என்று வாயைத் திறந்தேன். அவள் திரும்பினாள். அவர் திரும்பவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கடையைக் கடந்து காய்கறிக்குப் போனேன். நான் தெருவுக்கு வந்த பிறகும், "இப்பவும் இல்லையா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.